பிராகில் செய்ய வேண்டியவை

அன்புள்ள சூசை,

1. டிராமில் கடைசி நிறுத்தம்வரை போ.
2. ஆற்று அன்னங்களுக்குப் பழைய ரொட்டி போடு.
3. ஊர்க்காரர்களைத் தேடிப் போகாதே.

பரிமாற்ற மாணவியாகப் பிராகுக்கு வரும் என் பேத்தி பிளசிக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டும் நாம் அங்கே படித்தபோது சேர்ந்து செய்தவை. மூன்றாவது, நீ ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட கோபத்தில் எழுதியது.

நேற்று வீட்டில் களி கிண்டினார்கள்; நம் ஊர் இண்டூரில் ‘கட்டி’ என்போமே, அதுதான். முதல் பனி விழுந்த அன்று, ராகி கிடைக்காமல், விடுதி அடுப்பில் நீ மக்காச்சோள மாவைக் கிண்டியது நினைவுக்கு வந்தது. நான் முகம் சுளித்தேன்.

“இண்டூரானுக்குக் கட்டி இல்லாம எறங்குமா? தின்னுடா,” என்றாய்.

ஊருக்கே ஓடிவிடலாம் என்ற எண்ணம் அன்றுதான் எனக்குப் போயிற்று.

ராகி மாவோடு அவளை உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். கதவைத் திறப்பாயா, தெரியவில்லை. மூன்றாவதை அடித்துவிட்டேன். அது தவறு, சூசை.

உன் அறைத்தோழன்