முக்கால் பக்கம் கருப்பு

மாப்ள,

இரண்டு முறை கழுவியும் மைதாப் பசையின் வாசம் கையை விட்டுப் போகவில்லை. இன்று உனக்குப் பதினாறாம் நாள். போடிமெட்டு பேருந்து நிறுத்தச் சுவரில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நானேதான் ஒட்டினேன். ஆள் வைத்திருக்கலாம், தலைகீழாக ஒட்டிவிடுவார்களோ என்று பயம். போஸ்டர் அப்படி.

குற்றம் உன்னுடையது.

இருபது வருடம் இருக்குமா? இதே நிறுத்தத்து டீக்கடையில் யாரோ டூரிஸ்ட் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம். அதன் பின்னட்டையில் அந்த விளம்பரம். பக்கம் முழுவதும் கருப்பு. இடது கீழ் மூலையில், கட்டைவிரல் நகமளவுக்கு, கிதாரோடு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவன். கிதாரிலிருந்து ஒரு சிவப்பு வயர் வளைந்து வளைந்து ஏறி, வலது மேல் மூலையில் பொடி எழுத்தில் இருந்த ஒரு பெயரில் போய் முடியும். "வயர் கம்பெனி விளம்பரம்" என்றேன் நான். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவனின் தீர்ப்பு. ராக் பாட்டு ஆல்பம் என்று ஒரு ஜீப் டிரைவர் சொல்லித்தான் இருவருக்கும் தெரிந்தது.

நீ அதை நம் தேயிலை பாக்டரிக்குக் கொண்டுபோனாய். தூளின் தரம் பார்க்கிற மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாய். தேயிலைத் தூளைப் பார்ப்பதுபோலவே பார்த்தாய். நின்று பார்த்தாய், குனிந்து பார்த்தாய், தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாய்.

"நமக்கு இங்கிலீஷ் தெரியாதது நல்லதாப் போச்சு மாப்ள. தெரிஞ்சவன் படிச்சுட்டுப் போயிருவான். நாம பாக்கோம்லா."

"எழுத்தையே காணோம். எதைப் பாக்க?"

"ஒன் மூக்கு எங்க இருக்குன்னு பாரு."

என் மூக்கு தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதைப் போட்டவன் கத்தல, கூப்பிடல. ஆனா கிட்ட வர வச்சுட்டான். வந்தவனை வயரைப் பிடிச்சு மேல ஏத்திவிடுதான். வழியில நிக்க ஒரு கடை கிடையாது, நேரா பேருக்குத்தான் போகணும். செவப்பு இத்துணூண்டுதான் இருக்கு, அதான் இந்தச் சூடு."

நீயும் என்னைப்போல பாக்டரி ஆள்தானே, இந்தக் கண் எங்கிருந்து வந்தது? அந்தப் பாட்டை நாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனாலும் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் அச்சகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருவது என் மகள். ரோஜா, புறா, மெழுகுவர்த்தி, கீழே வரிசையாக வருந்துகிறவர்களின் சிரித்த முகங்கள் என்று வழக்கம்போலப் போட்டுக் காட்டினாள். அந்தக் கூட்டத்தில் உன்னைத் தேட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். முக்கால் பக்கம் கருப்பு. கீழ் மூலையில் சின்னதாக நீ. உன்னிடமிருந்து ஏறும் ஒரு சிவப்புக் கோடு. மேலே உன் பெயர்.

"அப்பா, இது மாமா போஸ்டரா, கரண்ட் போனப்ப எடுத்த போட்டோவா? அத்தை மனசு ஒடஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. தங்கச்சி தன் புருஷனைக் கடைசியாக ஊரறியப் பார்ப்பது இந்த ஒரு தாளில்தான். கோமாளித்தனம் பண்ணி அவரைச் சின்னதாக்கிவிட்டான் என்று அவள் நினைத்துவிட்டால், எந்த முகத்தோடு உன் வாசலை மிதிப்பேன்?

ஒட்டி முடித்த நேரம் பார்த்து உன் தம்பி வந்தான். பின்னாலேயே தங்கச்சி.

"ஏண்ணே, எங்க படம்லாம் எங்க? அண்ணனையாவது பெருசாப் போட்டிருக்கலாம்லா? தாளா இல்ல?"

நீ சொன்னதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இருட்டு... வயரு..." என்பதற்கு மேல் வரவில்லை. தங்கச்சி சுவருக்கு எதிரே நின்றாள். கிட்டப் போனாள். பிறகு தள்ளி வந்து, வெகுநேரம் பார்த்தாள். நான் பசை வாளியைப் பிடித்தபடி நின்றேன்.

"இருக்கட்டும்ணே," என்றாள். "எஸ்டேட் லயத்துல ஒத்த ரூம்ல எட்டுப் பேரோட கெடந்த மனுசன். காலை நீட்டித் தூங்குனதே இல்ல. இப்பத்தான் அவருக்குன்னு இம்புட்டு எடம் கெடைச்சிருக்கு."

உன் தம்பி என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான்.

நாம் அந்த விளம்பரத்தை எத்தனை நாள் பார்த்திருப்போம், மாப்ள! மூலையைப் பார்த்தோம், வயரைப் பார்த்தோம், பெயரைப் பார்த்தோம். கருப்பு நமக்கு வெறும் கருப்பாகத்தான் இருந்தது. தங்கச்சி சொன்னதற்குப் பிறகு, வீடு திரும்பும் வழியெல்லாம் சுவரில் எந்த போஸ்டரைக் கண்டாலும், ஒரு ஆள் காலை நீட்ட அதில் இடம் விட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன்.