அடைப்புக்குறிக்குள் இருந்தது

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே அம்மாவின் முட்டி நலம், இரண்டாவது ஆபரேஷன் செய்த காலும் இப்போது நன்றாக மடங்குகிறது, மாடிப்படி மட்டும் இன்னும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றிக் கேட்காதே, கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ சிரித்தால் கேட்கும், சிரிப்பை அடக்கினாலும் கேட்கும், இரண்டையும் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

அம்மா படுக்கையில் இருந்த இந்த ஒரு வருஷம் அவளுடைய பை கம்பெனியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன் அல்லவா, யாரும் என்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. தையல் பகுதியை மேற்பார்வையிடும் அக்காவே சமாளித்துக்கொள்வாள், நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னாள். நான் கேட்டேனா, வகுப்புக்கு நாற்பது வாலுகளை வைத்துத் தமிழ் நடத்தியவனுக்குப் பன்னிரண்டு தையல் மிஷின் ஒரு பொருட்டா என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். போன வாரம் ஆடிட்டர் வருஷக் கணக்கை அனுப்பினார். லாப நஷ்ட அறிக்கை என்று ஒரே ஒரு தாள். நான் நேரே கடைசி வரிக்குப் போனேன். அங்கே ‘நிகர லாபம்’ என்று இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நஷ்டம்’ என்று இருந்தது. எதிரே போன வருஷத் தொகை, அதை ஒட்டி இந்த வருஷத் தொகை, அது போன வருஷத்தைவிடப் பெரிசு, அதைச் சுற்றியும் ஓர் அடைப்புக்குறி. உனக்கே தெரியும், அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிட்டுப் படித்தாலும் வாக்கியம் நிற்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நானும் எடுத்துவிட்டுப் படித்தேன். வாக்கியம் நன்றாகத்தான் நின்றது.

அதற்கப்புறம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அந்தத் தாளை நகலெடுத்து, கடைசி வரியின் கீழே சிவப்புப் பேனாவால் இரட்டைக் கோடு போட்டு, கம்பெனி வாசலில் ஆட்கள் கையெழுத்துப் போடும் மேஜைக்கு மேலே ஒட்டினேன். மிஷின்களை நிறுத்தச் சொல்லி, வரும் மாதத்திலிருந்து எல்லோருக்கும் சம்பள உயர்வு என்று அறிவித்தேன், கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒன்றை ஒட்டிவிட்டு, இத்தனை வருஷம் நீ காட்டாத லாபத்தை ஒரே வருஷத்தில் காட்டிவிட்டேன் பார் என்று உன் அம்மாவிடமே சொன்னேன். அவள் அந்தத் தாளைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, சாப்பிடுங்க, ஆறிடும் என்றாள். உனக்கும் போட்டோ அனுப்பினேன். நீ, பார்த்தேன்பா, அம்மா பார்த்தாங்களா என்று கேட்டிருந்தாய். பெருமையில் வார்த்தை வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பேங்கில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு அடைப்புக்குறி தெரியாமலா இருக்கும்.

குட்டு உடைந்தது துணிக்காரரால். வழக்கம்போல கான்வாஸ் துணி இறக்க வந்தவர் அந்தத் தாளின் முன்னால் கைகட்டி நின்று நிதானமாகப் படித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பா நினைக்காதீங்க சார், இனிமே ரொக்கம் கொடுத்தாத்தான் துணி என்றார். இத்தனை லாபம் வந்த கம்பெனிக்கா கடன் இல்லை என்கிறீர்கள் என்று நான் எகிறினேன். அவர் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நஷ்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டு வாசல்ல ஒட்டின மனுஷனை நான் இப்பதான் சார் பார்க்கிறேன் என்றார். பின்னால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஃப்ரிட்ஜ் கதவுத் தாளைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள், துணிக்காரர் அவளுக்கும் போன் செய்திருக்கிறார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள். மேலே விற்பனை, அதில் துணி, ஜிப், நூல், தையல் கூலி போனால் மொத்த லாபம், அதில் வாடகை, கரண்ட், வண்டிச் செலவு, கடனுக்கு வட்டி போக மிஞ்சுவதுதான் நம்முடையது, மேல இருக்கிற நம்பர் ஊர் பார்க்க, கீழ இருக்கிறதுதான் நாம சாப்பிட, அதை அடைப்புக்குறிக்குள்ள போட்டா நஷ்டம்னு அர்த்தம் என்றாள். நான் விற்பனையைக் கூட்டுகிறேன் என்று அந்தப் பெரிய கடைக்கு விலையைக் குறைத்து ஆர்டர் பிடித்தேனே, ஒவ்வொரு பையையும் நாம் கைக்காசு போட்டு விற்றிருக்கிறோம். எவ்வளவு அதிகம் விற்றேனோ அவ்வளவு அதிகம் போயிருக்கிறது. பார்த்தவுடனே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நீங்க நிமிர்ந்து நடந்து அன்னைக்குத்தான் பார்த்தேன், சம்பள நாளுக்குள்ள சொல்லிக்கலாம்னு இருந்தேன் என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டேன்.

நேற்றுக் காலை மறுபடியும் மிஷின்களை நிறுத்தச் சொன்னேன். கணக்கை நான் தப்பாகப் படித்துவிட்டேன், உயர்வு இப்போது இல்லை, தவறு என்னுடையது என்று சொன்னேன். மூன்று இரவாக யோசித்து வைத்திருந்த பேச்சில் இவ்வளவுதான் வாயில் வந்தது. கடைசி மிஷினில் உட்காரும் பெண்மணி, உயர்வு கிடக்கட்டும் சார், இப்ப வாங்குறதாவது ஒழுங்கா வருமா என்று கேட்டார். ஊன்றுகோலோடு வாசல்வரை வந்திருந்த உன் அம்மாதான், வரும் என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். நான் வாசல் தாளைப் பிரித்தேன், டேப்போடு சுவரின் பெயிண்டும் சதுரமாக உரிந்து வந்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது தினமும் அவர்கள் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

கடன் வட்டி அடையும்வரை தன் சம்பளத்தை எடுக்கப்போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். நாளைக்கு நான் அந்தப் பெரிய கடைக்குப் போய் விலையைக் கூட்டிக் கேட்க வேண்டும், கெடுத்தவர்தான் போகணும் என்பது அவள் தீர்ப்பு. நியாயம்தான். நீ பணம் கிணம் அனுப்பிவிடாதே, அனுப்பினால் அதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு முகம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிறைவாக நீண்ட நாள் வாழ வேண்டும். நான் அனுப்பிய போட்டோவை மறக்காமல் அழித்துவிடு, மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே காட்டியிருந்தால் அதை என்னிடம் சொல்ல வேண்டாம்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா

உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள், அவளுக்கும் ஒரு வரி எழுத வேண்டுமாம். அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறாள், விட்டுவிட்டுப் படித்துவிடாதே.

(அப்பா நாலு நாளா சரியா சாப்பிடல, தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கார். சிரிக்காம ஒரு போன் போடு.)