டிங்குவுக்குச் சுற்றிப் போட்டது

சேலையூர்
9 பிப்ரவரி 2025

என்னங்க,

நலம்தானே? இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருப்பதால் அப்படி எழுதக் கை வரவில்லை. பதறாதீர்கள். ஒரு பறவை கடித்துவிட்டது. நம் வீட்டுப் பறவைதான்.

கோபிக்காமல் படியுங்கள். எதிர்வரிசை தேவானந்தம் சார் குடும்பம் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறது. அவர்கள் வளர்த்த காக்கட்டீல் கிளியைக் கூட்டிப்போக முடியவில்லையாம். உடம்பெல்லாம் சாம்பல், தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ரூஜ் அப்பிய மாதிரி இரண்டு ஆரஞ்சு வட்டம். பெயர் டிங்கு. "யாரும் எடுத்துக்கலைன்னா கடையிலயே விட்டுட வேண்டியதுதான்" என்று அந்த அம்மா சொன்னதும், உங்களைக் கேட்க வேண்டுமே என்ற நினைப்பு வருவதற்குள் என் வாய் "நான் வச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டது. உங்கள் பெண்டாட்டி வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தத்தெடுப்பு மையத்திலிருந்து உதயாவின் போட்டோ வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு வயது. நம்மைத் தெரியாத குழந்தை. ஏப்ரலில் நீங்கள் கப்பலிலிருந்து இறங்கி வந்ததும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வரப் போகிறோம். அதற்குள் வேறொரு உயிரோடு பழகிப் பார்த்தால் பயம் தெளியும் என்று கணக்குப் போட்டேன். அந்த உயிர் என்னவோ கூண்டுக்குள் கையை நீட்டினாலே பாம்பு மாதிரி சீறுகிறது.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. இஸ்திரி போடும் அஞ்சம்மா, "இன்னாம்மா இது, பொம்மையாட்டம் கீது!" என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் முதல் கடி. விடுவேனா? அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதற்குச் சுற்றிப் போடுகிறேன். மிளகாயை அடுப்பில் போட்டால் நெடியே வரவில்லைங்க. அவ்வளவு கண்!

வேளைக்குச் சாப்பிடுங்கள். இன்ஜின் ரூம் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

உங்கள்
சரளா


கப்பலிலிருந்து
15 பிப்ரவரி

அன்புள்ள சரளா,

உன் மெயில் கிடைத்தது. சேட்டிலைட் தயவில் இங்கே எழுத்து மட்டும்தான் வருகிறது. டிங்குவின் போட்டோ பாதி கொண்டையோடு நின்றுவிட்டது. அந்தப் பாதியே என்னை முறைக்கிறது.

கோபமெல்லாம் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக என்னைக் கேட்டா எல்லாம் செய்தாய்? ஒரு விஷயம் மட்டும் கேள். நம் கோவளம் குணா, என்கூட இன்ஜின் ரூமில் இருக்கிறவன், வீட்டு மாடியில் புறாவும் லவ்பேர்ட்ஸும் வளர்த்தவன். அவனிடம் கேட்டேன். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாதாம். கத்தவும் கூடாதாம். "கட்சா கை ஓடிடுதுன்னு அது கத்துக்கும்ண்ணே. அப்பறம் எல்லாத்துக்கும் கடிதான்" என்கிறான். கையை அப்படியே வைத்திரு. பல்லைக் கடித்துக்கொள். தினைக் கதிர் கிடைத்தால் கம்பிக்கு வெளியிலிருந்தே கொடு. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படி. அதைப் பார்க்கவே பார்க்காதே.

உதயாவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. அது பறவை.

தாமு


சேலையூர்
2 மார்ச்

என்னங்க,

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. கையை இழுக்காமல் வைத்திருந்தேன். அது என்னைத் தேங்காய்ச் சில் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. கட்டை விரலில் ரத்தம் வந்த பிறகுதான் விட்டது. ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். டாக்டர் சிரிக்கிறார்.

காலையில் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் கொண்டையைப் பாதி இறக்கிக்கொண்டு அதுவும் படிக்கிற மாதிரி பார்க்கும். ஒருநாள் தினைக் கதிரின் நுனியைக் கூடக் கொறித்தது. என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்? ஆனால் பொழுது சாய்ந்ததும் வேறு பிறவி. கொண்டை தலையோடு ஒட்டிப்போகிறது, கூண்டின் மூலைக்குப் போய் நடுங்குகிறது. அதன்பின் மறுநாள் காலை வரை கை என்றால் கடிதான். முதலில் பக்கத்து ஏர்ஃபோர்ஸ் தளத்து விமானச் சத்தம் என்று நினைத்தேன். அது காலையிலும்தானே பறக்கிறது? நாளுக்கு நாள் மோசமாகிறது. நானும் நாளுக்கு நாள் கூடுதலாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். உப்பு, மிளகாய், கடுகு எல்லாம் கை நிறைய எடுத்து, கூண்டுக்கு முன்னால் நின்று, அதன் தலைக்கு மேலே வலமும் இடமுமாக மூன்று மூன்று முறை என்பதை இப்போது ஏழாக்கியிருக்கிறேன். குன்றத்தூர் முருகனுக்கும் வேண்டிக்கொண்டாயிற்று.

எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. நான் நல்லதுதான் நினைக்கிறேன். நல்லதுதான் செய்கிறேன். அது என்னைப் பார்த்து நடுங்குகிறது. நாளைக்கு அந்தக் குழந்தையும் இப்படி மூலையில் போய் நின்றால்? ஒரு பறவைக்கே என் கை பிடிக்கவில்லை. பெற்றிருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

மையத்துப் புஷ்பலதா மேடத்துக்குப் போன் செய்து, எங்களுக்கு வேண்டாம், அந்தக் குழந்தைக்கு நல்ல இடமாகப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் டிங்குவை எடுத்தேன். இதையாவது கேட்டுச் செய்கிறேன். பதில் போடுங்கள்.

சரளா


கப்பலிலிருந்து
8 மார்ச்

சரளா,

போன் செய்யாதே. முதலில் இதைப் படி.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தடவை தலையில் அடித்துக்கொண்டேன். நான் மாடம்பாக்கத்தில் கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவன். மேலே பருந்து வட்டம் போட்டால் தாய்க்கோழி போடும் கூச்சல் உனக்குத் தெரியாது. நீ சாயங்காலமானால் அந்தக் கூண்டுக்கு மேலாக முஷ்டியை மடக்கிக்கொண்டு வட்டம் போடுகிறாய். அதுவும் ஏழு தடவை, இரண்டு பக்கமும்! அந்தக் கையே மறுநாள் தினையோடு வந்தால் அது எப்படி நம்பும்? போதாததற்கு மிளகாயை வேறு எரிக்கிறாய். நெடி வரவில்லை என்று நீ சொல்கிறாய். உனக்கு வராமலிருக்கலாம். அந்தத் துளியூண்டு மூச்சுக்கு வந்திருக்கும்.

நீ கண் கழிக்கவில்லையடி, தினமும் பருந்து காட்டுகிறாய். அது கடித்தது, நீ சுற்றினாய். நீ சுற்றினாய் என்று அது கடித்தது. இன்றோடு நிறுத்து. கண்ணு பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

உன் கை நல்ல கைதான்.

இன்னொன்று. கம்பெனியில் ஆள் இல்லையாம். எனக்கு மூன்று மாதம் நீட்டித்துவிட்டார்கள். ஜூலையில்தான் வர முடியும் போலிருக்கிறது. மையத்தில் பக்குவமாகச் சொல். அவர்கள் காத்திருப்பார்கள்.

தாமு


சேலையூர்
30 மார்ச்

என்னங்க,

சுற்றிப் போடுவதை நிறுத்திவிட்டேன். முதல் இரண்டு நாள் எனக்குத்தான் கை அரித்தது. விளக்கு வைத்ததும் உப்பு ஜாடிப் பக்கம் கால் தானாகப் போகிறது. வாசலில் வேடிக்கை பார்க்கிறவர்களை மட்டும் நிறுத்தினேன். அஞ்சம்மாவுக்குக் கோபம். "இன்னாம்மா, நாங்கோ பாத்தா கரைஞ்சா பூடும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டிங்கு சாயங்காலத்தில் நடுங்குவதை ஒரு வாரம் போல விடவில்லை. விளக்கேற்றினாலே மேலே பார்க்கும். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன், கூண்டை விட என் தலை தாழ்வாக இருக்கும்படி. பேசாமல் கீரை ஆய்ந்தேன். போன வாரம் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்திருந்தேன். அதுவாக இறங்கி வந்தது. விரலை அலகால் பிடித்துப் பார்த்தது. கடிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஏணிக் கம்பியைப் பிடித்துப் பார்ப்பதைப் போலப் பிடித்துவிட்டு ஏறி நின்றது. என்ன லேசு! அழுதுவிட்டேன், சத்தம் போடாமல்.

இவ்வளவும் உங்களால்தான். அதனால்தான் அடுத்ததை எழுத மனம் வலிக்கிறது.

நேற்று குணா வந்திருந்தான். சிங்கப்பூரில் இறங்கி ஊருக்கு வந்தவன், நீங்கள் கொடுத்தனுப்பிய சாக்லேட்டைக் கொடுக்க கோவளத்திலிருந்து வந்தான். நான் பேச்சுவாக்கில், "கம்பெனிக்காரன் மனசாட்சியே இல்லாம அவரைப் புடிச்சி வச்சிட்டானே" என்றேன். அவன் வெள்ளந்தியாக, "இல்ல அண்ணி, கம்பெனி எறக்கி வுட ரெடியாத்தான் இருந்திச்சி. அண்ணந்தான் இன்னும் மூணு மாசம் இருக்கறேன்னு கேட்டு வாங்கிகினாரு" என்றான். என் முகத்தைப் பார்த்ததும்தான் அவனுக்குப் புரிந்தது. டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

புஷ்பலதா மேடத்திடம் பேசினேன். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் உதயாவை அடுத்த தம்பதிக்குக் காட்டிவிடுவார்களாம். இது உங்களுக்குத் தெரியும். கப்பல் ஏறும் முன்னால் நம் இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

கையை இழுக்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். உங்கள் கை எங்கேங்க?

சரளா


கப்பலிலிருந்து
5 ஏப்ரல்

சரளா,

குணா சொன்னது உண்மை.

நீ உன் பயத்தை எனக்கு எழுதினாய். நான் என் பயத்தைக் கம்பெனி மேல் போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். போட்டோவில் அந்தக் குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை, கவனித்தாயா? பக்கத்தில் கதவைப் பார்க்கிறாள். யாரோ அந்தக் கதவு வழியாகப் போயிருக்கிறார்கள். நான் வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருக்கிறவன். கூட்டி வந்து, அப்பா என்று கூப்பிடப் பழக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினால் நானும் அந்த வரிசையில் ஒருவன்தானே? நீ அவளைப் பார்த்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை நினைத்தால்தான் குலை நடுங்குகிறது.

திட்டு. ஆனால் மையத்துக்கு வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் அது என்னால் என்று சொல். உன் பேரைச் சொல்லாதே.

தாமு


சேலையூர்
12 ஏப்ரல்

என்னங்க,

திட்டவில்லை. திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இன்று மையத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். புஷ்பலதா மேடம் அனுமதி கொடுத்தார். விளையாடும் அறையில் விட்டார்கள். உதயா என்னைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் போய்விட்டாள். ஆயா, "வா பாப்பா, அம்மா வந்துகிறாங்க பாரு" என்று கையைப் பிடித்து இழுக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவளைக் கூப்பிடவில்லை. தூக்கப் போகவில்லை. எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கை இரண்டையும் மடியில் போட்டு நானே பிடித்துக்கொண்டேன். அங்கே கிடந்த விளையாட்டு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். சரிந்தது. மறுபடி வைத்தேன்.

வெகுநேரம் கழித்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டை என் பக்கம் நகர்ந்து வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அவளே.

நம் கல்யாணப் போட்டோவை அவளிடம் காட்டி வைத்திருக்கிறார்கள். கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், கட்டையைப் பார்த்தபடியே கேட்டாள். "நீ நாளைக்கும் வருவியா?" வருவேன் என்றேன். "அந்த மாமா?" என்றாள்.

உங்களுக்காக எத்தனையோ பேரிடம் பதில் சொல்லியிருக்கிறேன், இதற்குச் சொல்ல முடியாது.

நீங்கள் சொன்னது சரிதான். நீங்கள் போவீர்கள். அவளுக்கு வலிக்கும், எனக்கும் வலித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் போகிறவர் திரும்பி வருவார் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், முதலில் நீங்கள் ஒரு தடவை வர வேண்டும்.

சரளா


கப்பலிலிருந்து
16 ஏப்ரல்

சரளா,

கேப்டனிடம் பேசிவிட்டேன். கொழும்பில் இறங்குகிறேன். மாற்று ஆள் அங்கே ஏறுவான். திங்கட்கிழமை காலை வீட்டில் இருப்பேன்.

அந்த மாமா வருவார் என்று அவளிடம் சொல்லிவிடாதே. அந்த வார்த்தையை அவளுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ. நான் வந்து நிற்கும்போது அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்லிக்கொடு.

தாமு