பக்கவாட்டில் கதவு வைத்த லோடர்

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது.

நான் நல்ல சுகம். நீயும் அவளும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தையின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? என் வணக்கத்தைச் சொல்.

போன வாரம் நான் ஓட்டுகிற, மண் அள்ளும் குட்டி லோடர் வாளியைத் தூக்கியபடியே நின்றுவிட்டது. அதில் இறங்கும் வழி முன்பக்கம் மட்டும்தான், அந்த வாளிக்கு அடியில். வாளி தலையில் விழுந்துவிடலாம் என்பதால், மெக்கானிக் வரும்வரை ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பயப்படாதே, வியர்த்ததோடு சரி.

முதலாளி புது லோடர் வாங்கக் கிளம்பினார், என்னையும் கூட்டிப்போனார். கடையில் இரண்டு வண்டி. ஒன்று அதிக பாரம் தூக்கும், வழி முன்பக்கம்தான். இன்னொன்று கொஞ்சம் குறைவுதான், ஆனால் பக்கவாட்டில் கதவு. நான் அதைக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார். "கதவுக்காகவா வண்டி வாங்குவாங்க?"

"உள்ள உட்கார்றது நான்தானே, சார்" என்றேன்.

முதலாளி முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போது தொப்பை சிக்கிக்கொண்டது. நானும் கடைக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்ததும், "கதவு வெச்சதையே போடுங்க" என்றார். நேற்று வந்து இறங்கிவிட்டது. நான்தான் முதலில் ஓட்டினேன்.

போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதே. குக்கர் சத்தம் மட்டும் கேட்டாலும் பரவாயில்லை, அப்படியே விடு. பாப்பாவின் உயரத்தை ஒரு நூலில் அளந்து, இந்தக் கடிதம் கொண்டுவரும் வெல்டர் அண்ணன் திரும்பும்போது கொடுத்தனுப்பு. கவுன் வாங்கத்தான். எண்ணில் எழுதி அனுப்பாதே, நூலே வேண்டும்.

அண்ணன் பையைப் பூட்டாமல் எனக்காக நிற்கிறார்.

உன்னவன்