வத்தளைக்குப் போன கொஞ்சல்

வெள்ளவத்தை,
ஞாயிறு

அன்பின் லவினாவுக்கு,

மாதா காவலில் நீரும் பிள்ளைகளும் சுகம்தானே? நீர் போன் எடுக்காததால் எழுதுகிறேன். நான் சுகம், வேலைதான் கொஞ்சம் சுகமில்லை. பதறாதையும்.

எங்கள் கூரியர் செயலி வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்திகளில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து பிரிந்து விழுந்தன. திருத்திவிட்டுச் சோதிக்க, கொம்பும் காலும் நிறைந்த ஒரு வசனம் எழுதினேன்: "கோபமோ லவினாக் கண்ணு? போனில் கொஞ்சம் கதையுமன்." என் போனுக்கு மட்டும் வரவேண்டியது வத்தளை வாடிக்கையாளர் எல்லாருக்கும் போய்விட்டது. எழுத்து உடையவில்லை, அதுவரை ஆறுதல்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நான் தினமும் புத்திமதி சொல்லும் இணையக் குழுவில் அதைப் படமாகப் போட்டு, "எந்தக் கழுதையின்ர வேலை?" என்று கேட்டிருந்தார்கள். முதல் ஆளாக நானும் சிரித்துவைத்தேன்.

வத்தளையில் உண்மையாகவே ஒரு லவினா இருக்கிறா. அவவின் புருசன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாடிக்கையாளரிடம் வாலாட்டினேன் என்று முடிவானால் வேலை போய்விடும். அது என் மனைவியின் பெயர் என்றால் முதலாளி ரிப்கான் நம்பவில்லை.

"சும்மா போங்க டெரிக்! இருபது வருஷத்துப் பொண்டாட்டிக்கு எவன் இப்பிடி எழுதுவான்?"

புதன்கிழமை அவர் உமக்குப் போன் எடுப்பார். தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதையும். மரியாதையாகக் கதைத்துக் காரியத்தைக் கெடுக்கவும் வேண்டாம். என் பெயரைக் கேட்டதும் வழமைபோல ஏசும். மனைவிதான் என்று நம்பிவிடுவார்.

கொஞ்சம் கருவாடும், உமது பழைய சாரியில் தைத்த போர்வையும் அனுப்பும். இந்தக் கடிதத்தை உம்மிடம் கொண்டுவரும் மன்னார் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார். முதலாளியை ஏசி முடிந்ததும், இல்லை, என்னை ஏசி முடிந்ததும், எனக்கும் ஒருக்கா எடும்.

உமது,
டெரிக்