நீலத் தார்பாய்

12.11.2005, சனி

நாளைக்கு நானும் மச்சான் சேகரும் கழுவேலி ஏரிக்கு வாத்து வேட்டைக்குப் போறோம். மழையில ரெண்டு ராத்திரி படுக்கணும், முதுகுல சுமக்கற மாதிரி ஒரு மறைப்பு வேணும். உப்புச் சாக்கைப் பிரிச்சுத் தைச்சு வச்சிருக்கேன். நனைஞ்சா கனக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் சேகர் சுனாமி நிவாரணத்துல வந்த நீலத் தார்பாயைக் கொண்டாந்து போட்டான்.

"இதை எடுத்துக்க மாமா. முதுகுல இருக்கறதே தெரியாது."

லேசுதான், ஒத்துக்கறேன். ஆனா ஏரிக்கரை உப்பளத்துல மழைக்காலத்துல உப்புக் குவியலையெல்லாம் பனையோலை போட்டு மூடியிருப்பாங்க. சாக்கைக் கட்டினா அதுவும் ஒரு குவியல் மாதிரி கெடக்கும். நீலம் ரோட்டுல இருந்தே தெரியும். அங்கயே வேலை செய்யற சேகருக்கு இது தெரியாதா?

அவன் வீட்டுக்குக் கெளம்பும்போது கேட்டான்: "எந்தக் கரையில டென்ட் போடுவ? நீ முன்னாடி போ மாமா, நான் பின்னாடி வர்றேன்."

டென்ட்டாம்! பத்து வருஷமா நாங்க மறைப்புன்னுதான் சொல்றோம். டென்ட்னு சொல்றவன் எங்களை மாதிரி திருட்டு வேட்டைக்காரங்களைப் பிடிக்க அலையற ஃபாரஸ்ட் வாட்சர். போன வாரம் அந்த ஆளோட சேகர் டீ குடிச்சதை என் கண்ணால பார்த்தேன்.

கிழக்குக் கரைன்னு சொல்லிட்டேன். என் பொண்டாட்டிகிட்ட இதைப் பத்தி வாயைத் தெறக்க முடியாது, அவ கூடப் பொறந்த தம்பியாச்சே.

ரெண்டையும் மூட்டையில வச்சுட்டேன். கிழக்குக் கரையில நீலத்தைக் கட்டிட்டு, எதிர்க்கரையில சாக்குக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு இருப்பேன்.

சேகர் வரட்டும். தனியா வந்தா போதும்.