பின்படியும் முன்னிருக்கையும்

ஜூன் 3
நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான், ஞாபகம் மட்டும் கல்வெட்டு.

இன்று மகன் சவாரிக்கு விடும் மோட்டார் படகில் ஏரியைச் சுற்றினோம். என் வீட்டுக்காரி வழக்கம்போல் பின்படியில், காலைத் தண்ணீரில் நனைத்தபடி. வழக்கம்போலத் தலைவலி, குமட்டல்.

"இந்தப் படகுக்கும் எனக்கும் ஜென்மப் பகை. இனிமே ஏறமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அவள் இல்லாமல் எனக்கென்ன சவாரி?

ஜூன் 5
படகுத்துறைக்குப் பாதுகாப்பு அதிகாரி அம்மா வந்து எல்லோரையும் கூட்டிப் பேசினார். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறதாம். நிறமில்லை, வாசனையில்லை. படகின் பின்பக்கம் தேங்குமாம். "தலை வலிச்சா படகு ஒத்துக்கலைன்னு நினைப்பீங்க. மயங்கித் தண்ணியில விழுந்தா ஆளே போயிடும்."

"இதைச் சொன்னா எவன் டிக்கெட் வாங்குவான்? பின்படிக்குத்தானே கிராக்கி," என்று மகன் முணுமுணுத்தான்.

எனக்குப் பொறி தட்டியது. மழையில் தார்ப்பாயை இறக்கிவிட்டுப் போன நாள் — தலைவலி. எஞ்சினை ஓடவிட்டு மச்சானுக்காகக் காத்திருந்த நாள் — வாந்தி. மச்சினி கல்யாணத்துக்குப் போனபோது என் வீட்டுக்காரி முன்னால் உட்கார்ந்தாள். கரை சேரும்வரை பாட்டுத்தான்! அப்படியானால் பகை படகோடு இல்லையா?

ஜூன் 6
அதிகாரி அம்மாவிடம் அந்த வாயுவைக் கண்டால் அலறும் கருவியை இரவல் வாங்கினேன்.

"உங்களுக்கு எதுக்குப்பா இந்த வம்பு?" என்றான் மகன்.

"உங்கம்மாவை மறுபடி படகில ஏத்தணும்டா. அதான் வம்பு."

ஆளில்லாத பின்படியில் கருவியை வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில், வாலை மிதித்த பூனைபோல அலறியது. மகன் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினான். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா அங்கதானே உக்காருவாங்க…"

ஜூன் 7
பின்படிக்குக் குறுக்கே கயிறு. கட்டியது மகன். சொந்தமாக ஒரு கருவியும் வாங்கிவிட்டான்.

ஜூன் 11
வந்தாள்! கெஞ்சிக் கூத்தாடி முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். புதுமாப்பிள்ளை ஒருவர் கயிற்றைத் தாண்டப் பார்த்தார். என் வீட்டுக்காரி விட்டாள் ஒரு குரல்:

"தம்பி, அது பார்க்கச் சிம்மாசனம், உக்காந்தா பாடை! இப்படி முன்னால வாங்க, பொண்டாட்டி பக்கத்துல உக்காருங்க!"

படகே சிரித்தது. காரணத்தையும் அவளே விளக்கினாள், அதிகாரி அம்மா தோற்றார். மகன், "இனி ஒவ்வொரு சவாரிக்கும் அம்மாதான் பேசணும்," என்றான்.

கரைக்கு வந்ததும் பயந்துகொண்டே கேட்டேன், "தலைவலி?"

"இருக்கு. வழி பூரா நீங்க பேசினதுல."

குடையை முன்னிருக்கையிலேயே விட்டு இறங்கினாள். எடுத்து நீட்டினேன்.

"அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு இடம் பிடிக்க வேண்டாமா?"